பழம் வைத்த பன்றி ரோஸ்ட்: தோல் ஏன் மொறுகவில்லை?

வாசகர் கேள்வி, 28 நவம்பர் 2022

டென்மார்க்குக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற நத்தாருக்கு இரண்டு கிலோ பன்றித் துண்டு வாங்கி, சுற்றிலும் அப்பிளும் பிளம்ஸும் நிறைத்து, 180 பாகையில் இரண்டு மணித்தியாலம் அவணில் வைத்தேன். இறைச்சி வெந்தது, பழமும் சுவையாக இருந்தது, ஆனால் தோல் மட்டும் ஊறிய செருப்பைப் போல இழுபட்டது. டெனிஷ்காரர் வீட்டில் அதே தோல் அப்பளம் போல நொறுங்குகிறது. பழமும் தோலும் ஒன்றாகச் சேராது என்பது என் எண்ணம். இந்த ஆண்டு பழத்தை விட்டுவிடலாமா?

28 நவம்பர், இரவு

பழத்தை விட வேண்டாம். தோல் கெட்டது பழத்தால் அன்று, பழம் இருந்த இடத்தாலும் அது உள்ளே போன நேரத்தாலும். அப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு நீர். அதை மூடிய அவணுக்குள் இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தால் அந்த நீரெல்லாம் ஆவியாகி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தோலைச் சுடுவதாக நினைத்து நீங்கள் அவித்திருக்கிறீர்கள். 180 பாகை வெப்பமும் தோலுக்குப் போதாது.

மேற்கு யூட்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். டிசம்பர் 24 மாலை டெனிஷ்காரர்களுக்கு வாத்து அல்லது ஃபிளெஸ்கஸ்டாய், பல வீடுகளில் இரண்டும். ஃபிளெஸ்கஸ்டாய் என்பது தோலோடு சுட்ட பன்றி. அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்திருந்தது யாழ்ப்பாணத்துக் குருநகரில் அம்மா நத்தாருக்கு வைத்த பன்றிக் குழம்பு ஒன்றுதான். அவணில் வைத்துச் சுடுவதை அங்கிருந்த மூத்த சமையற்காரப் பெண்மணியிடம் கற்றேன். அவர் வாயால் சொல்லிக் கொடுத்தது குறைவு. தோலைத் தொடச் சொல்வார், அடுத்த கட்டம் வந்ததும் மறுபடியும் தொடச் சொல்வார். முறையை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

29 நவம்பர்

தோல் நீக்காத முதுகுத் துண்டைக் காம்ஸ்டாய் என்றும் விலாப் பக்கத்துத் துண்டை ரிப்பென்ஸ்டாய் என்றும் இங்கே சொல்வார்கள். விலாத் துண்டில் கொழுப்பு அதிகம் என்பதால் அது எளிதில் காய்ந்து போகாது. ஆகவே முதன்முறை செய்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். டிசம்பரில் கடைகளில் தோலைக் கீறியே விற்கிறார்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஒவ்வொரு கீறலையும் விரலால் விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விளிம்புக்கு வரும்போது கத்தி மேலெழுந்து, கடைசி இரண்டு சென்டிமீட்டர் கீறப்படாமலே இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த மூலைகள்தான் பிறகு மொறுகாமல் நிற்கும்.

அவணை 250 பாகைக்குச் சூடாக்குங்கள். ஆழமான தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றி, தோல் கீழே இருக்கும்படி துண்டைக் கவிழ்த்து இருபது நிமிடம் வையுங்கள். மொறுக வேண்டிய தோலை முதலில் நீரில் வைப்பதா என்று நானும் அன்று கேட்டேன். பன்றித் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற நார்ப்பொருளால் ஆனது. அது நீரோடு சேர்ந்த சூட்டில்தான் இளகி ஜெலட்டினாக மாறும். இளகாத தோலைச் சுட்டால் கல்லாக இறுகும். இளகிய தோலை உலர்த்திச் சுட்டால், உள்ளே எஞ்சிய சிறிதளவு நீர் ஆவியாகி வெளியேறும்போது தோல் குமிழ் குமிழாக உப்பி நொறுங்கும். அப்பளமும் இப்படித்தான் பொரிகிறது.

இருபது நிமிடம் கழித்துத் துண்டை எடுத்து, தோலைத் துணியால் ஒற்றி ஈரம் நீக்கி, கல்லுப்பை ஒவ்வொரு கீறலுக்குள்ளும் விரலால் அழுத்தித் தேயுங்கள். ஒன்றிரண்டு கீறல்களில் பே இலையைச் செருகலாம். பிறகு தோலை மேலாக வைத்து, துண்டைக் கம்பித் தட்டில் ஏற்றி, அதன் கீழ்த் தட்டில் சிறிது நீரும் வெங்காயமும் அப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் போட்டு, 200 பாகையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள். பழம் கீழே இருக்க வேண்டும், தோல் மேலே. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

30 நவம்பர்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. கீறல் கொழுப்பு வரைக்கும் இறங்க வேண்டும், இறைச்சிக்குள் போகக் கூடாது. இறைச்சி வெட்டுப்பட்டால் அதன் சாறு கீறல் வழியே மேலே கொதித்து வந்து தோலை நனைக்கும்.

3 டிசம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு அவர் போட்ட “பிளம்ஸ்” நாம் பாயாசத்துக்கும் கேக்குக்கும் போடும் முந்திரிகை வற்றலாம், அதாவது உலர்ந்த திராட்சை. இதை நான் முதலிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கஜுவும் பிளம்ஸும் வாங்கி வா என்றால் கடைக்காரர் முந்திரிகை வற்றலைத்தான் கட்டித் தருவார், நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான். பன்றியோடு வைக்க வேண்டியது அது அன்று. பிளம் என்ற பெரிய பழத்தை உலர்த்திய, கறுத்த, சுருங்கிய, சதைப்பற்றுள்ள வற்றல் வேண்டும். டெனிஷில் ஸ்வெஸ்கர். கடையில் பொதியைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒவ்வொன்றும் பேரீச்சம்பழத்தின் பருமன் இருக்கும்.

வேறுபாடு பெயரில் மட்டும் இல்லை. முந்திரிகை வற்றல் இனிப்பு மிகுந்தது, சிறியது, அவண் சூட்டில் விரைவில் கருகிக் கசக்கும். ஸ்வெஸ்கரில் இனிப்போடு புளிப்பும் உண்டு. கொழுப்பை உறிஞ்சினாலும் அது குலைந்து போகாது. கொட்டை நீக்கியதை வாங்கி, சர்க்கரை சேர்க்காத சுடு தேத்தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற வையுங்கள். இங்கே சிலர் போர்ட் வைனில் ஊற வைப்பார்கள். எங்கள் இல்லத்தில் மருந்து எடுக்கும் முதியவர்கள் பலர் இருந்ததால் நாங்கள் தேத்தண்ணீரையே பயன்படுத்தினோம். அதன் துவர்ப்பு கொழுப்புக்கு நன்றாகப் பொருந்துவதால் வீட்டிலும் அதையே தொடர்கிறேன்.

6 டிசம்பர்

பழம் எதற்கு, இறைச்சியோடு இனிப்பைச் சேர்ப்பது நம் நாவுக்கு ஒவ்வாதது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இந்தத் தட்டில் பழம் வருவது இனிப்புக்காக இல்லை, புளிப்புக்காக.

ஃபிளெஸ்கஸ்டாய் தட்டில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். சிவப்புக் கோவாவை (முட்டைக்கோசை) வினாகிரியும் ரிப்ஸ் சாறும் சேர்த்து மணிக்கணக்கில் வேக விடுகிறார்கள். ரிப்ஸ் என்பது கொத்தாகக் காய்க்கும், கடும் புளிப்புள்ள சிறிய சிவப்புப் பழம். சிறு உருளைக்கிழங்குகளைச் சீனிப் பாகிலும் பட்டரிலும் புரட்டுகிறார்கள். தோல் சீவிய அப்பிள்களை இரண்டாகப் பிளந்து, நடுவைக் குடைந்து, சீனி நீரில் மெதுவாக அவித்து, அந்தக் குழியில் ஒரு கரண்டி ரிப்ஸ் ஜெலியை வைக்கிறார்கள். இனிப்பு பெரும்பாலும் கிழங்கில்தான் இருக்கிறது. கோவாவும் அப்பிளும் ரிப்ஸும் புளிப்பைக் கொண்டு வருகின்றன. அந்தப் புளிப்பு இல்லாமல் இரண்டாவது துண்டுக்கு மேல் கொழுப்புள்ள பன்றியை உண்ண முடியாது.

என் அம்மாவும் பழம் சேர்த்தே பன்றி சமைத்தார் என்பதை நான் உணர்ந்தது இங்கே வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். அவர் பன்றிக் குழம்புக்குத் தேசிக்காய் விடமாட்டார், பழப்புளியும் கரைக்க மாட்டார், கொறுக்காய்ப் புளிதான் போடுவார். தமிழ்நாட்டில் அதற்குக் குடம்புளி என்று பெயர். அது என்ன? பூசணியைப் போல வரிவரியாகப் பிளவுபட்ட ஒரு சிறு பழத்தின் சதையை உலர்த்திக் கறுக்க வைத்தது. கறுத்து, சுருங்கி, புளித்து, கொழுப்போடு கொதிக்கும்போது குலையாமல் கிடந்து, குழம்புக்கு நிறமும் கொடுக்கிறது. ஸ்வெஸ்கர் ஊற வைத்த கிண்ணத்தை ஒரு நாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மாவின் புளிப் போத்தல்தான் கண்ணுக்குள் வந்தது. அன்றிலிருந்து இந்தச் சாப்பாடு எனக்கு அந்நியமாக இல்லை.

8 டிசம்பர்

அன்னாசி போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம், ஆனால் பச்சை அன்னாசியில் இறைச்சியை இரவு முழுவதும் ஊற வைக்கக் கூடாது. அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தை அறுக்கும். ஒரு முறை முதுகுத் துண்டை அன்னாசிச் சாற்றில் மாலை ஏழு மணிக்கு ஊற வைத்து மறுநாள் பத்து மணிக்கு எடுத்தேன். மேற்பரப்பு விரல் பட்டாலே மாவாக வழிந்தது, வெட்டும்போது துண்டு துண்டாக நிற்கவில்லை. தகரத்தில் அடைத்த அன்னாசிக்கு இந்தக் குணம் இல்லை, ஏனென்றால் அடைக்கும்போது சூடாக்குவதில் அந்த நொதி அழிந்துவிடுகிறது. பச்சை அன்னாசி சேர்த்தால் ஜெலி உறையாததும் இதே காரணத்தால்தான். பப்பாசிக்கும் இது பொருந்தும்.

10 டிசம்பர்

அப்பிளின் இனம் பற்றிக் கேட்டிருந்தார்கள். கடையில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் இனிப்பு அப்பிள்கள் இதற்கு ஆகாது, சுட்டபின் வெறும் சீனிச் சதையாக இருக்கும். புளிப்புள்ளது வேண்டும். டென்மார்க்கின் தேசிய அப்பிள் என்று 2005இல் அறிவிக்கப்பட்ட கிராஸ்டென் மணம் மிக்கது. ஆனால் அது கோடை முடிவில் பழுக்கிறது, நத்தார் வரை நன்றாகத் தாங்காது. எனக்குப் பிடித்தது பொஸ்கூப். நெதர்லாந்தில் தோன்றிய இனம், தோல் சொரசொரப்பாகத் துரு நிறத்தில் இருக்கும், பார்வைக்கு எவரும் எடுக்க மாட்டார்கள், ஆனால் குளிர்காலம் நெடுக இருப்பு நிற்கும், புளிப்பும் மாறாது.

இங்கிலாந்தில் இருந்து எழுதிய சகோதரிக்கு: உங்களிடம் பிராம்லி இருக்கிறது, வேறெதையும் தேட வேண்டாம். நொட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி 1809இல் ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. பிற்காலத்தில் அந்த வீட்டை வாங்கியவர் மத்தியூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர், பழத்துக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. விதை ஊன்றிய சிறுமியின் பெயர் நிலைக்காதது எனக்கு வருத்தம்தான், என்றாலும் பன்றி ரோஸ்டுக்கு மிகவும் உகந்த அப்பிள் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தமாகவே இருக்கிறது. பிராம்லியில் அமிலம் மிகுதி என்பதால் சூடு பட்டதும் சதை முழுவதும் கரைந்து நுரைபோல ஆகிவிடும். பாதியாகப் பிளந்து ஜெலி வைப்பதற்கு அது ஆகாது, தனிச் சட்டியில் ஒரு கரண்டி நீரும் சிறிது சீனியும் விட்டுக் கிளறிச் சோஸாக்குவதற்கு அதற்கு ஈடு இல்லை.

12 டிசம்பர்

29ஆம் திகதி நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. பழத்தை ஆரம்பத்திலேயே கீழ்த் தட்டில் போடச் சொல்லியிருந்தேன். இல்லத்தின் பெரிய அவணில் அப்படித்தான் செய்தோம். அந்த அவணில் விசிறி உண்டு, ஆவியை வெளியேற்றும் வழியும் உண்டு. வீட்டு அவணில் அது சரிவருமா என்ற ஐயம் இரவில் எழுந்ததால், 4ஆம் திகதியும் நேற்றும் இரண்டு முறை செய்து பார்த்தேன்.

முதல் முறை, எழுதியபடியே ஆரம்பத்தில் பழம் போட்டேன். அவண் கதவைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. தோல் மொறுகியது, ஆனால் கடைசியில் 250 பாகைக்கு ஏற்றிப் பத்து நிமிடம் நின்று காவல் காக்க வேண்டியிருந்தது. அதற்குள் தட்டின் ஓரத்தில் அப்பிள் கரைந்து அதன் சர்க்கரை கருகியிருந்தது. அந்தச் சாறில் செய்த பழுப்புச் சோஸ் கசந்தது. நேற்று தட்டில் நீரும் வெங்காயமும் மட்டும் விட்டு, இறைச்சி வெந்து முடிய முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது நான்காகப் பிளந்த பொஸ்கூப்பும் ஊறிய ஸ்வெஸ்கரும் சேர்த்தேன். அந்நேரம் தோல் ஏற்கெனவே குமிழ் விடத் தொடங்கியிருந்தது, பிறகு எழுந்த ஆவி அதை ஒன்றும் செய்யவில்லை. அப்பிள் மென்மையாகியும் உருக்குலையாமல் இருந்தது. சோஸில் கசப்பு இல்லை.

ஆகவே கடைசி முப்பத்தைந்து நிமிடம்தான். முன்பு எழுதியதைப் பின்பற்றி யாராவது இதற்குள் செய்திருந்தால் மன்னிக்கவும்.

15 டிசம்பர்

உள்வெப்பம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குச்சி வெப்பமானி வாங்குங்கள், நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பன்றியில் டிரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம் என்ற அச்சத்தால் முந்தைய தலைமுறை அதை நார் நாராக உலரும் வரை வேக வைத்தது, என் அம்மாவும் அப்படியே. அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுத் துண்டுப் பன்றிக்கான அளவை 71 பாகையிலிருந்து 63 பாகைக்குக் குறைத்து, அடுப்பிலிருந்து எடுத்தபின் மூன்று நிமிடம் ஆற விட வேண்டும் என்று சேர்த்தது. அரைத்த இறைச்சிக்கு 71 பாகையே தொடர்கிறது. இல்லத்தில் முதியவர்களுக்காக நாங்கள் 75 பாகை வரை போனோம், அதனால்தான் அங்கே கொழுப்புள்ள விலாத் துண்டையே வாங்கினோம். வீட்டில் முதுகுத் துண்டை 65இல் எடுத்து இருபது நிமிடம் திறந்தே வைக்கிறேன், அதற்குள் மேலும் சில பாகை தானே ஏறிவிடும். அலுமினியத் தாளால் மூட வேண்டாம், மூடினால் மொறுகிய தோல் மறுபடியும் வியர்த்துத் தளரும்.

15 டிசம்பர், சற்றுப் பிறகு

வெப்பமானியின் நுனி இறைச்சியின் நடுவில் நிற்க வேண்டும். கொழுப்பில் குத்தினால் தவறான எண் காட்டும்.

18 டிசம்பர்

தோல் உண்ணாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. சுவீடனில் தோல் நீக்கிய துண்டுக்குள் ஸ்வெஸ்கரை நிறைத்துச் சுடுகிறார்கள். நீளவாக்கில் கத்தியால் துளையிட்டு, மரக் கரண்டியின் காம்பால் அதை அகலமாக்கி, பழங்களை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். வெட்டும்போது ஒவ்வொரு வெள்ளைத் துண்டின் நடுவிலும் ஒரு கறுப்புக் கண் தெரியும். தோல் இல்லாததால் ஆவியைப் பற்றிய கவலையே இல்லை, 160 பாகையில் மெதுவாக வைக்கலாம். இங்கே இதே நிறைப்பை மொர்பிராட் எனப்படும் மெல்லிய உள்முதுகுத் தசையில் அப்பிளும் சேர்த்துச் செய்வார்கள். எனக்கு இது பிடிக்கும், ஆனாலும் நத்தார் இரவுக்கு எனக்குத் தோல் வேண்டும்.

இல்லத்தில் ஒரு முதியவர் இருந்தார். பற்கள் இல்லை, மொறுதோலைக் கடிக்க இயலாது. ஆயினும் தன் தட்டில் ஒரு துண்டு தோல் இருக்க வேண்டும் என்பார். அதைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி உடைத்து, அந்த ஓசையைக் கேட்ட பிறகே அப்பிளைத் தொடுவார். அவருக்காகவே ஒவ்வொரு ஆண்டும் நடுத்துண்டின் தோலை ஒதுக்கி வைத்தேன். தோலைப் பற்றி நான் இத்தனை எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

25 டிசம்பர்

நேற்றிரவு எட்டுப் பேருக்கு இரண்டரைக் கிலோ விலாத் துண்டு வைத்தோம். ரிப்ஸ் ஜெலி தீர்ந்துவிட்டிருந்தது. மருமகள் விளாம்பழ ஜாம் கொண்டு வந்திருந்தார், அப்பிள் குழியில் அதை வைத்தோம். விளாம்பழத்தின் மணம் மேலோங்கியதால் ரிப்ஸின் இடத்தை அது முழுமையாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் புளிப்பு பன்றிக் கொழுப்புக்கு மிக நன்றாக இருந்தது. அடுத்த ஆண்டு பாதி அப்பிளில் அதையும் பாதியில் இதையும் வைப்பேன்.

மிஞ்சியதை இன்று மத்தியானம் பாணுக்குள் வைத்து உண்டோம். குளிர்ந்த இறைச்சியை மெல்லிதாக வெட்டிச் சட்டியில் சூடாக்கி, சிவப்புக் கோவாவும் ஊறுகாய் வெள்ளரியும் சேர்த்தால் போதும். தோலை நுண்ணலையில் சூடாக்கக் கூடாது, ரப்பராகும். வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் போதும்.

27 டிசம்பர்

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். தோல் ஒரே பொன்னிறக் குமிழ்களாக நிற்கிறது, பழமும் உடையாமல் இருக்கிறது. ஒரு மூலை மட்டும் வழவழப்பாக இருப்பதைக் காட்டி ஏன் என்று கேட்டிருக்கிறார். படத்தை உற்றுப் பார்த்தேன், துண்டு அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. உருகிய கொழுப்பும் சாறும் தாழ்ந்த மூலைக்கு ஓடித் தேங்கியதால் அங்கே தோல் உலரவில்லை. அடுத்த முறை கம்பித் தட்டில் வைத்ததும் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். சரிந்திருந்தால் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் ஓர் அலுமினியத் தாள் உருண்டையையோ பாதி உருளைக்கிழங்கையோ அண்டக் கொடுங்கள். அப்பிளை அண்டக் கொடுக்க வேண்டாம், அது வெந்து அமுங்கிவிடும்.